84 என்றால் என்ன? கேம் விமர்சன மதிப்பெண்: ஓர் எளிய விளக்கம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா மகன் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாக ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தீபாவளிக்குக் கிடைத்த காசு, பொங்கலுக்குக் கிடைத்த காசு எல்லாம் சேர்த்து ஒரு கேம் வாங்க வேண்டும். அதுதான் யோசனை.

"மாமா, இதுக்கு 84தான் போட்டிருக்கானுவ. வாங்கலாமா, வேண்டாமா?"

"84ன்னா நல்ல மார்க்தானல. பெறகென்ன?"

"90க்கு மேல போனாத்தான் மாமா நல்ல கேமு. ஆனா 90 போடுதவன் பூரா காசு வாங்கிட்டுத்தான் போடுதான்."

அவன் சொன்ன இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மதிப்பெண் தராசு மாதிரி துல்லியமானது, அதனால் 84க்கும் 90க்கும் வித்தியாசம் உண்டு. அதே மதிப்பெண் விலைக்கு வாங்கப்படுவது, அதனால் நம்பக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் நம்புகிறான். நம்பாத எண்ணை எதற்கு ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை. அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை, கேம் ஆடுகிற முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் பேசுகிறார்கள். நானும் சில வருடங்கள் ஒரு சின்ன இணையதளத்துக்கு கேம் விமர்சனம் எழுதியவன். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். அவனுக்கு அன்றைக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பத்தமடைப் பாயில் இருக்கிற எண்

சேரன்மகாதேவிப் பக்கம் பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிறார்கள். அந்தப் பாய்க்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே போய்ப் பாய் கேட்டால் 'எத்தனை கவுண்ட்' என்று கேட்பார்கள். 50 கவுண்ட் என்றால் வீட்டுப் புழக்கத்துக்கு. 100, 120 என்று போகப் போகக் கோரை மெலிந்து, பாய் துணி மாதிரி மடியும். பட்டுப் பாய் என்று சொல்வது அதைத்தான். அந்த எண்ணைச் சந்தேகப்பட்டால் உட்கார்ந்து இழையை எண்ணிப் பார்த்துவிடலாம். நீங்கள் எண்ணினாலும் நான் எண்ணினாலும் ஒரே கணக்குத்தான் வரும்.

இப்போது அதே பாயில் படுத்து எழுந்தவரிடம் 'பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள்' என்று கேளுங்கள். முதுகு வலி உள்ளவர் 4 கொடுப்பார். கோடையில் மொட்டை மாடியில் விரித்துப் படுத்தவர் 9 கொடுப்பார். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இந்த 4, 9 இரண்டும் பாயைப் பற்றி மட்டும் பேசவில்லை. படுத்தவரையும் சேர்த்துத்தான் பேசுகின்றன.

கேம் மதிப்பெண் இந்த இரண்டாவது வகை. ஒரு கேமில் எண்ணிப் பார்க்கக்கூடிய சங்கதிகள் சில உண்டு. ஒரு நொடிக்கு எத்தனை படம் திரையில் ஓடுகிறது, எத்தனை ஜிபி இடம் பிடிக்கிறது, எத்தனை தடவை தானாக நின்றுபோகிறது, இவையெல்லாம் கவுண்ட் மாதிரி. கதை பிடித்ததா, சண்டை சலிக்கிறதா, கொடுத்த காசுக்குத் தகுமா என்பதெல்லாம் படுத்து எழுந்தவர் சொல்வது. விமர்சகர் இரண்டையும் குழைத்து ஒரே எண்ணாக்கிக் கொடுக்கிறார். வாசிக்கிறவர்கள் அதைக் கவுண்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

35 எடுத்தால் பாஸ், 70 எடுத்தால் ஃபெயில்

நம் பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு 35 எடுத்தால் பாஸ். 70 எடுத்த பிள்ளையை யாரும் அடிப்பதில்லை (அக்கா வீட்டில் மட்டும் சந்தேகம்). கேம் உலகத்தில் 70 என்றால் கிட்டத்தட்ட 'வேண்டாம்' என்று அர்த்தம். பெரிய தளங்கள் பத்துக்கு மதிப்பெண் போட்டாலும் 7க்கும் 10க்கும் நடுவிலேயே பெரும்பாலும் நடமாடுகின்றன. 1 முதல் 6 வரை எண்கள் இருக்கின்றன என்பது பெயருக்குத்தான்.

இதற்கு ஒரு நல்ல சாட்சி மெட்டாகிரிட்டிக். பல விமர்சகர்களின் மதிப்பெண்ணைச் சேர்த்து சராசரி காட்டும் தளம் அது, 2001இல் தொடங்கியது. நல்லது என்றால் பச்சை, நடுத்தரம் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. சினிமாவுக்கு 61 வந்தாலே அங்கே பச்சை. கேமுக்கு 75 வந்தால்தான் பச்சை. 65 எடுத்த சினிமா பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும், 65 எடுத்த கேம் மஞ்சள் சட்டையில் தலைகுனிந்து நிற்கும். கேம்களுக்கு மதிப்பெண் தாராளமாக விழுகிறது என்பதை அந்தத் தளமே தன் அளவுகோலில் ஒத்துக்கொண்டிருக்கிறது. அளவுகோல் என்று நான் சொல்வது இதைத்தான்: எந்த எண் எந்தத் தீர்ப்பைக் குறிக்கிறது என்ற அட்டவணை. ஒவ்வொரு இடத்துக்கும் அது வேறு.

ஏன் இப்படி உயரத்திலேயே நிற்கிறது? லஞ்சம் என்று உடனே சொல்லத் தோன்றும். எனக்குத் தெரிந்து முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது. வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் கேம்கள் வருகின்றன. விமர்சகரின் மேஜைக்கு வருவது அதில் கொஞ்சம். ஏற்கனவே பெயர் வாங்கிய நிறுவனம், பெரிய செலவு, வாசகர் கேட்கும் தலைப்பு என்று சலித்து எடுத்துத்தான் வருகிறது. உண்மையிலேயே 2 வாங்க வேண்டிய குப்பைக் கேமுக்கு யாரும் விமர்சனமே எழுதுவதில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மட்டும் பரீட்சைக்கு உட்கார வைத்தால் சராசரி எங்கே நிற்கும்?

எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் எட்ஜ் பத்திரிகை 1993இலிருந்து வருகிறது. அவர்கள் 10 கொடுத்தால் அது ஒரு செய்தி, அவ்வளவு அபூர்வம். 7 என்றால் அங்கே நிஜமாகவே நல்ல கேம். ஜப்பானின் ஃபமிட்சு பத்திரிகையில் நான்கு பேர் தனித்தனியாகப் பத்துக்குப் போடுவார்கள், மொத்தம் 40. முதன்முதலாக 40க்கு 40 வாங்கியது 1998இல் வந்த த லெஜன்ட் ஆஃப் ஜெல்டா: ஓகரினா ஆஃப் டைம். அந்த முறையில் எனக்குப் பிடித்தது, நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடிப்பது. 9, 9, 6, 8 என்று பார்த்தால் யாரோ ஒருவருக்குப் பிடிக்கவில்லை, ஏனென்று பார்ப்போம் என்று தோன்றும். 32 என்று மட்டும் பார்த்தால் தோன்றாது.

சராசரி போடும்போது என்ன நடக்கிறது

மெட்டாகிரிட்டிக் எல்லாரையும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. பெயர் பெற்ற இடத்தின் மதிப்பெண்ணுக்குக் கூடுதல் எடை, சின்ன இடத்துக்குக் குறைந்த எடை. இப்படி எடை வைத்துப் போடும் சராசரிக்கு எடையிட்ட சராசரி என்று பெயர். யாருக்கு எவ்வளவு எடை என்பதை அவர்கள் வெளியே சொல்வதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. மூன்று இடங்கள் ஒரு கேமுக்கு 90, 80, 60 போட்டிருக்கின்றன. மூன்றையும் சமமாக எடுத்தால் சராசரி கிட்டத்தட்ட 77. 90 போட்ட இடத்துக்கு இரட்டை எடை கொடுத்தால் 80. 60 போட்ட இடத்துக்கு இரட்டை எடை கொடுத்தால் 72.5. முதல் இரண்டும் பச்சை, மூன்றாவது மஞ்சள். கேம் ஒன்றே, விமர்சகர்கள் அதே மூன்று பேர், அவர்கள் எழுதிய ஓர் எழுத்துகூட மாறவில்லை.

2015இல் வந்த ஓபன்கிரிட்டிக் என்ற தளம் இந்த எடை வேலையைச் செய்வதில்லை, நேரடியாகச் சராசரி போடுகிறது. கூடவே எத்தனை சதவீத விமர்சகர்கள் பரிந்துரைக்கிறார்கள் என்றும் காட்டுகிறது. ஆனால் இன்னொரு சிக்கல் எல்லாச் சராசரிக்கும் பொது. ஒருவர் 5 நட்சத்திரத்துக்கு 3 கொடுக்கிறார். அவர் மனதில் அது 'நன்றாகத்தான் இருக்கிறது, வாங்கலாம்'. நூறாக மாற்றினால் அது 60. கேம் உலகத்தில் 60 என்றால் சாவு மணி. அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைத்தாயிற்று.

84க்கு ஒரு கதை உண்டு. ஃபால்அவுட்: நியூ வேகஸ் என்ற கேம் 2010 அக்டோபரில் வந்தது. உருவாக்கியது அப்சிடியன், வெளியிட்டது பெதஸ்டா. மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் அப்சிடியனுக்குப் போனஸ் என்பது ஒப்பந்தம். வந்தது 84. ஒரு மார்க்கில் போனஸ் போயிற்று. அப்சிடியனைச் சேர்ந்த கிறிஸ் அவெலோன் இதை 2012இல் வெளியே சொன்னார். இன்றைக்கும் அந்த கேமைக் கொண்டாடுகிற கூட்டம் பெரியது. யாரோ ஒரு விமர்சகர் காபி குடித்துவிட்டு எழுதியிருந்தால் அது 85 ஆகியிருக்கலாம்.

இந்த மாதிரிக் காரணங்களால் யூரோகேமர் 2015இல் பத்துக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்தி, பரிந்துரை, தவிர்க்கவும் என்று சொற்களாகக் கொடுக்கத் தொடங்கியது. எட்டு வருடம் கழித்து 2023இல் 5 நட்சத்திரத்தோடு திரும்பி வந்துவிட்டது. வாசகர்களுக்கு எண் வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்தது: மதிப்பெண் என்பது அளந்த எண் இல்லை, ஒருவரின் சிபாரிசைச் சுருக்கிய எண். ஒவ்வொரு இடத்துக்கும் அளவுகோல் வேறு. சராசரி போட்டால் அந்த வித்தியாசங்கள் மறைந்து, கூட்டியவரின் முடிவுகளும் உள்ளே நுழைந்துவிடுகின்றன.

அப்படியானால் காசு வாங்குகிறார்களா?

இதுதான் எல்லாருக்கும் பிடித்த கேள்வி. நேரடியாகக் கவரில் காசு வைத்து 9 வாங்குவது என்பது பெரிய தளங்களில் பேசப்படுகிற அளவுக்கு நடப்பதாக நான் நினைக்கவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. ஏன் என்று புரிய ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும்.

நம் பக்கத்தில் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைப்பார்கள். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். சாப்பிட்டுக் கை கழுவி வெளியே வந்தால் வாசலில் பெண்ணின் அப்பா நிற்பார். "அண்ணாச்சி, சாப்டீங்களா? சொதி எப்படி?" உப்புக் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும். ஒருவராவது சொல்வாரா? "பிரமாதம்" என்றுதான் சொல்வார். யாரும் காசு கொடுக்கவில்லை. கூப்பிட்டு மரியாதை செய்திருக்கிறார்கள், அடுத்த விசேஷத்துக்கும் கூப்பிட வேண்டும், எதிரே நிற்கிறவர் முகம் வாட வேண்டாம். ஆனால் சமைத்த தவசுப்பிள்ளை யாரிடமும் கேட்க மாட்டார். பந்தி எழுந்ததும் எச்சில் இலைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பார். சொதி மிஞ்சியிருக்கிறதா, எதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

கேம் விமர்சகர் அந்த வாசலில் நிற்கிற விருந்தாளி. கேம் கடைக்கு வருவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் நிறுவனம் அவருக்கு ஒரு பிரதியை இலவசமாக அனுப்புகிறது. இதற்கு ரிவ்யூ காப்பி என்று பெயர். இன்ன தேதி இன்ன மணி வரை எதையும் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வரும். இதற்கு எம்பார்கோ என்று பெயர். எம்பார்கோ என்றாலே சதி என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. அது இல்லாவிட்டால் யார் முதலில் வெளியிடுவது என்ற போட்டியில் எல்லாரும் அரைகுறையாக ஆடிவிட்டு எழுதுவார்கள். பார்க்க வேண்டியது அது எப்போது விலகுகிறது என்பதை. கேம் வருவதற்கு நாலைந்து நாள் முன்னால் விலகினால் நிறுவனத்துக்குத் தன் சரக்கில் நம்பிக்கை இருக்கிறது. 2014 நவம்பரில் அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி வந்தபோது, அமெரிக்காவில் விற்பனை தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் விமர்சனங்களுக்கு அனுமதி. அதற்குள் காசு கொடுத்து வாங்கியவர்கள் முகமில்லாமல் கண்ணும் பல்லும் மட்டும் மிதக்கிற கதாபாத்திரங்களைப் படம் பிடித்துப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சைபர்பங்க் 2077 இன்னும் நல்ல உதாரணம். 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. முன்கூட்டி விமர்சகர்களுக்குக் கொடுத்தது கணினிப் பதிப்பு மட்டும். வீடியோ விமர்சனத்தில் அவர்கள் தாங்களே பதிவு செய்த காட்சிகளைக் காட்டக் கூடாது, நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் காட்ட வேண்டும். மதிப்பெண்கள் அமோகமாக வந்தன. ஆனால் ஏராளமான பேர் வாங்கியது, டிவியில் மாட்டி ஆடுகிற பழைய கேம் பெட்டிகளான பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இவற்றுக்கான பதிப்பை. அது நடமாடவே திணறியது. ஒரு வாரத்தில் பிஎஸ்4 நிறுவனமான சோனி தன் கடையிலிருந்தே அந்த கேமை எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தது. 2021 ஜூனில்தான் மறுபடி அலமாரியில் வைத்தது. முதலில் விமர்சித்தவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் இலையில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்கள். அடுத்த பந்திக்கு வேறு சமையல் என்பது அவர்களுக்குக் காட்டப்படவில்லை.

இதில் என் பங்கும் ஒன்று உண்டு. ஒரு வியாழக்கிழமை ராத்திரி எனக்கு ஒரு பிரதி வந்தது. திங்கள் காலை எம்பார்கோ. முழுதாக ஆட 40 மணி நேரம் பிடிக்கும் கேம். நடுவில் வெள்ளிக்கிழமை ஆபீஸ், சனிக்கிழமை களக்காட்டில் ஒரு துக்க வீடு. ஞாயிறு ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டக் கணக்கைப் பார்த்தேன், 11 மணி நேரம். அந்த 11 மணி நேரமும் நன்றாக இருந்தது. 8 போட்டு எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் மிச்சத்தை ஆடினேன். இருபதாவது மணி நேரத்துக்கு மேல் அதே கோட்டையை மூன்று தடவை பிடிக்கச் சொல்கிற கேம் அது. காசு எதுவும் யாரும் தரவில்லை, போன் செய்து யாரும் மிரட்டவில்லை. அந்த 8 இன்னும் இணையத்தில் எங்கோ இருக்கிறது, ஏதோ ஒரு சராசரியில் உட்கார்ந்துகொண்டு.

மிரட்டல் நடந்ததும் உண்டு, ஒளித்ததும் உண்டு

நிறுவனங்கள் நேரடியாகவே கையை வைத்த சம்பவங்களும் உண்டு. 2007 நவம்பரில் கேம்ஸ்பாட் தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்ற மூத்த விமர்சகர் கேன் அண்ட் லிஞ்ச் என்ற கேமுக்கு 10க்கு 6 போட்டார். அப்போது அந்தத் தளம் முழுக்க அதே கேமின் விளம்பரம் ஒட்டியிருந்தது. கெர்ஸ்ட்மன் வேலையை விட்டு நீக்கப்பட்டார். ஒப்பந்தக் கட்டுப்பாட்டால் வருடக்கணக்கில் வாய் திறக்க முடியாமல் இருந்து, 2012இல்தான் விளம்பரம் கொடுப்பவர்களின் அழுத்தம் எப்படி வந்தது என்று வெளிப்படையாகப் பேசினார். 6 என்றால் நம் ஊர்க் கணக்கில் ஃபர்ஸ்ட் கிளாஸ். மேலே சொன்ன அளவுகோல் நினைவிருந்தால் அது ஏன் வேலையைத் தின்றது என்று புரியும்.

யூடியூபில் நிலைமை வேறு. அங்கே பலருக்கு விளம்பர இலாகா தனி, எழுத்து இலாகா தனி என்ற சுவரே கிடையாது, இரண்டும் ஒரே ஆள். 2014இல் மிடில்-எர்த்: ஷேடோ ஆஃப் மோர்டார் என்ற கேமுக்காக வார்னர் பிரதர்ஸ் யூடியூபர்களுக்குக் காசு கொடுத்து வீடியோ போடச் சொன்னது. கேமைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டும், குறைகளைக் காட்டக் கூடாது என்பது நிபந்தனை. காசு வாங்கியது பார்ப்பவர்களுக்குச் சரியாகத் தெரிவிக்கப்படவில்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2016இல் சமரசத்தில் முடித்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் பிரபலங்களுக்கும் இணையப் பிரபலங்களுக்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி காசு மட்டுமில்லை, இலவசப் பொருள், தள்ளுபடி, பயணச் செலவு எதுவானாலும் வெளியே சொல்ல வேண்டும். எத்தனை தமிழ் கேம் சேனல்களில் அதைப் பார்க்கிறோம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்கினால்: கவரில் காசு என்று தேடினால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. இலவசப் பிரதி யாருக்குப் போகிறது, எந்தப் பதிப்பு போகிறது, எத்தனை நாள் தருகிறார்கள், விளம்பரம் யாருடையது, இந்த நாலு வழியாகத்தான் மதிப்பெண் மேலே தள்ளப்படுகிறது.

ஆடுகிறவர்கள் போடும் மதிப்பெண் மட்டும் சுத்தமா?

"அப்போ விமர்சகன விடுங்க மாமா, ஸ்டீம்ல நம்ம ஆளுவ போடுததப் பாக்கேன்" என்றான் மருமகன். நல்ல யோசனைதான், ஆனால் அங்கேயும் எண் சொல்வது என்ன என்று தெரிய வேண்டும்.

ஸ்டீம் என்பது கணினி கேம் கடை. அங்கே வாங்கியவர்கள் கட்டைவிரலை மேலே காட்டலாம், கீழே காட்டலாம், நடுவே எதுவுமில்லை. 90 சதவீதம் என்றால் கேமுக்கு 90 மார்க் என்று அர்த்தமில்லை. நூறு பேரில் தொண்ணூறு பேர் மேலே காட்டினார்கள் என்றுதான் அர்த்தம். நூறு பேரும் 'பரவாயில்லை, போகும்' என்று நினைத்து மேலே காட்டினால் அது 100 சதவீதம். எழுபது பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, முப்பது பேர் காறித் துப்பினால் 70 சதவீதம். நீங்கள் அந்த எழுபதில் ஒருவர் என்றால் உங்களுக்கு இரண்டாவதுதான் பொக்கிஷம். பாவக்காய்க் கூட்டுக்கு ஓட்டெடுப்பு நடத்தினால் எப்படி இருக்குமோ அப்படி.

அடுத்தது, கூட்டமாகத் திரண்டு வந்து கெட்ட மதிப்பெண் போடுவது. ரிவ்யூ பாம்பிங் என்பார்கள். 2020 ஜூன் 19 அன்று த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 வந்தது. ஆடி முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். வந்த முதல் நாளே மெட்டாகிரிட்டிக்கின் பயனர் பகுதியில் ஆயிரக்கணக்கில் பூஜ்யங்கள் விழுந்தன. கதை கசிந்து, அது பிடிக்காதவர்கள், ஆடாமலேயே வந்து போட்டவர்கள் எல்லாரும் அதில் உண்டு. அடுத்த மாதமே அந்தத் தளம், கேம் வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் பயனர் மதிப்பெண் போடலாம் என்று விதியை மாற்றியது.

ஆனால் எல்லா பாம்பிங்கும் வம்பு என்று தள்ளிவிட முடியாது. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 கேமைக் கணினியில் ஆடுகிறவர்கள் பிளேஸ்டேஷன் கணக்கையும் இணைத்தே ஆக வேண்டும் என்று சோனி சொன்னது. அந்தக் கணக்கே தொடங்க முடியாத நாடுகள் எத்தனையோ. சில நாளில் இரண்டு லட்சத்துக்கு மேல் எதிர் விமர்சனம் குவிந்து, சோனி பின்வாங்கியது. அது கேமின் தரத்தைப் பற்றிய எண் கிடையாது, ஊர் கூடி நடத்திய மறியல். தேதிவாரியாக விமர்சனங்களைக் காட்டும் வரைபடம் ஸ்டீமில் 2017இலிருந்து இருக்கிறது. திடீரென்று சிவப்பு உயர்ந்திருந்தால் அந்தத் தேதியில் என்ன நடந்தது என்று பார்த்தால் போதும்.

ஸ்டீமில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. ஒவ்வொரு விமர்சனத்துக்கும் மேலே அவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்று இருக்கும். தவசுப்பிள்ளை பார்க்கிற இலை அதுதான். 'குப்பை கேம், வாங்காதீர்கள்' என்று எழுதியவர் 640 மணி நேரம் ஆடியிருப்பார். சாப்பிட்ட இலை வழித்துத் துடைத்த மாதிரி இருக்கிறது, வாய் மட்டும் திட்டுகிறது. 'அருமை' என்றவர் இருபது நிமிடத்தில் எழுந்து போயிருப்பார்.

போனில் ஆடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ப்ளே ஸ்டோரில் 5க்கு 4.3 என்று பார்ப்பது 2021 நவம்பரிலிருந்து உங்கள் நாட்டுக்காரர்கள் போட்டது. அது நல்லதுதான். ஆனால் அந்த நட்சத்திரம் எப்போது கேட்கப்படுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நீங்கள் ஜெயித்த அடுத்த நொடியில், திரையில் பூச்சொரியும்போது. தோற்றபோது கேட்க மாட்டான்.

விமர்சனம் ஒரு நாளின் புகைப்படம்

இந்தக் காலத்து கேம் விற்ற பிறகும் மாறிக்கொண்டே இருக்கும். இணையம் வழியாக வரும் திருத்தத்துக்கு பேட்ச் என்று பெயர். நோ மேன்ஸ் ஸ்கை 2016இல் வந்தபோது வாங்கியவர்கள் கொதித்தார்கள். வருடக்கணக்காக இலவசமாகத் திருத்தி, சேர்த்து, இன்று அது மதிக்கப்படுகிற கேம். எதிர்த்திசையிலும் நடக்கும். க்ராஷ் டீம் ரேசிங் நைட்ரோ-ஃப்யூயல்டு 2019 ஜூனில் வந்தபோது உள்ளே நிஜக் காசுக்கு விற்கும் கடை இல்லை. விமர்சனங்களெல்லாம் வந்து முடிந்தபின் ஆகஸ்டில் கடையைத் திறந்தார்கள். மதிப்பெண் மட்டும் ஜூனிலேயே நின்றது. அதனால் விமர்சனத்தின் தேதியைப் பார்க்காமல் எண்ணைப் பார்ப்பது, போன வருட மழையை வைத்துத் தாமிரபரணியில் இறங்குவது போல.

திரும்பவும் 84க்கு

சரி, மருமகன் கதைக்கு வருவோம். அன்றைக்கு அவனிடம், அந்த 84ஐ விட்டுவிட்டு அதற்குள்ளே போகச் சொன்னேன். முதலில் 60, 65 போட்டவர்கள் இரண்டு பேரை எடுத்தோம். ஒருவர் கதை மெதுவாகப் போகிறது என்று குறைத்திருந்தார். மருமகன், "எனக்கு அது பிரச்சினையில்ல மாமா, நான் கதைய ஸ்கிப் பண்ணிருவேன்" என்றான். இன்னொருவர், நகரத்துக்குள் நுழைந்தால் படம் தத்தித் தத்தி ஓடுகிறது என்று எழுதியிருந்தார். அவர் கணினியின் விவரம் கீழே இருந்தது, மருமகன் லேப்டாப்பைவிட இரண்டு மடங்கு சக்தி. அங்கேதான் அவன் முகம் மாறியது. 95 போட்டவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. அவர்களுடைய கணினியில் தத்தியிருக்காது.

பிறகு ஸ்டீமில், அவன் லேப்டாப்பைப் போலவே 8 ஜிபி ரேம் என்று எழுதியவர்களைத் தேடினோம். ஏழெட்டுப் பேர் சிக்கினார்கள். பாதிப் பேர் ஓடுகிறது என்றார்கள், பாதிப் பேர் ஓடவில்லை என்றார்கள். எண்கள் அத்தனையும் தீர்ந்துபோய்க் கடைசியில் அவனுடைய லேப்டாப்தான் மிச்சம். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம் என்று சொல்லிக் கொடுத்தேன். அவனுக்கு அது தெரியாது.

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரைக்குப் போன் அடித்தேன்.

"என்னல, ஓடுதா?"

"ஓடுது மாமா. ஊருக்குள்ள போனா ஃபேன் ரைஸ் மில்லு மாதிரி சத்தம் போடுது. ஆனா ஓடுது."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒண்ணே அம்பது."

"பெறகு? திருப்பிக் குடுக்கியா, வச்சுக்கிடுதியா?"

"இன்னும் பத்து நிமிசம் இருக்கு. பேசாதீங்க மாமா."